இரும்புக்கு மேலே டெரிகாட்டன்

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது கால் சூம்பிப் போனது. ஏழு வயதில் அந்தக் காலுக்கு இரும்பு போட்டார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் கம்பி, முட்டிக்கு நேராக ஒரு பூட்டு, நாலு இடத்தில் தோல் வார், அடியில் கம்பியோடு சேர்த்துப் பொருத்திய ஒரு கறுப்பு பூட்ஸ். ஆஸ்பத்திரியில் அதற்குக் கேலிப்பர் என்று பெயர். எங்கள் தெருவில் இரும்புக் கால். உட்கார வேண்டுமென்றால் பூட்டைக் கையால் மேலே தூக்கி முட்டியை மடக்க வேண்டும். எழுந்து நின்றதும் அது 'டக்'கென்று தானே இறங்கிக் காலை நேராக்கிவிடும்.

ஆண்கள் உடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் காலரைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கு உடுப்பு என்றால் பேண்ட்டின் கீழ்வாய்தான். தையல்காரர்கள் பாட்டம் என்பார்கள். பாட்டம் எத்தனை இஞ்சு என்பதைப் பொறுத்து என் வருடங்கள் நல்லதாகவும் கெட்டதாகவும் இருந்திருக்கின்றன. காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த பூட்ஸ் அதன் வழியாக நுழைந்து வெளியே வர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் காக்கி அரை டிராயர். இரும்பு முழுசாக வெளியே தெரியும். நான் வகுப்புக்குள் வந்தால் முதலில் சத்தம் வரும், பிறகு கம்பி வரும், கடைசியில்தான் நான். யாரும் என்னை அடிக்கவில்லை, ரொம்பக் கேலி செய்யவும் இல்லை. ஆனால் பேசும்போது எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். வாத்தியார்கூட அப்படித்தான். கேள்வியை முட்டியிடம் கேட்டுவிட்டு, பதில் வாயிலிருந்து வருவதைக் கண்டு நிமிர்ந்து பார்ப்பார்.

ஒன்பது வயதில் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் நாள். எங்கள் ஊர்க் கோயிலில் புதுநன்மை வாங்கும் பையன்கள் எல்லோரும் வெள்ளை முழுப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட வேண்டும். என் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது அவர் வேலைக்குப் போட்டுப்போன வெள்ளை ட்ரில் கோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அதைப் போட்டுக்கொள்ள அவருக்கு இடமே கிடைக்கவில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைத்து, மடித்து, திரும்பவும் வைப்பார்.

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தையல்கடைக்குப் போனார்.

"என் புள்ளைக்கு ஒரு கொஸ்த்யூம் தைக்கணும்" என்றார். சூட்டுக்குப் பிரெஞ்சுப் பெயர் அது. பேண்ட்டும் சட்டையும் ஜோடியாக வந்தாலும் அப்பா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

கடைக்காரர் கோட்டை விரித்துப் பார்த்தார். "நல்ல துணி சார் இது. இப்பல்லாம் இந்த ட்ரில்லு வர்றதில்ல. வெட்டணுமா? புதுத் துணியில தெச்சிடலாமே."

அப்பா மேசைமேல் இருந்த கத்தரியை எடுத்து, கோட்டின் இடது கையை முழங்கை வரை ஒரே இழுப்பில் வெட்டிவிட்டார். பிறகு கத்தரியைக் கடைக்காரரிடம் கொடுத்தார். "இப்ப வேற வழியில்ல பாருங்க. தெய்ங்க."

புதுநன்மை அன்று காலையில் அம்மா எனக்கு அந்த முழுப் பேண்ட்டைப் போட்டுவிட்டாள். அகலமாகத்தான் தைத்திருந்தார்கள். பூட்ஸ் சுலபமாக இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். இரும்பைக் காணோம். கோயிலில் வரிசையில் நின்று பீடத்துக்குப் போனேன். சத்தம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் சாமியார் நன்மை கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பெஞ்சில் இருந்தவர்களும் முகத்தைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேறு ஒன்றும் இல்லையே. அன்றைக்கு நான் அப்பத்தைவிடப் பேண்ட்டை நினைத்துத்தான் பரவசமாக இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் அதையும் பிற்பாடு சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் முட்டிக்கு நேரே ஒரு மஞ்சள் கறை. பூட்டுக்குப் போட்ட மெஷின் எண்ணெய். அம்மா சோடா போட்டு வேகவைத்தும் போகவில்லை. அதற்குப் பிறகு வெளிர் நிறத்தில் நான் பேண்ட் போட்டதில்லை. கறுப்பு, காபிக்கொட்டை, கருநீலம். இதுதான் என் சொத்து.

எட்டாம் வகுப்பிலிருந்து முழுப் பேண்ட். அப்போதிலிருந்து துணிகளை நான் முட்டியால் படித்தேன் என்று சொல்லலாம். பருத்தி ட்ரில் பூட்டில் உரசி இரண்டு மாதத்தில் ஓட்டையாகிவிடும். டெர்லின் கிழியாது, கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சித்திரை மாதத்தில் தோல் வாரெல்லாம் வேர்வையில் ஊறி நாறும். கார்டுராய் யானைத்தோல் மாதிரி, எதற்கும் அசையாது, ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு அது தண்டனை. பாதி பருத்தி பாதி டெர்லின் கலந்த டெரிகாட்டன் வந்தபோதுதான் என் கால் நிம்மதியாக மூச்சுவிட்டது. கிழியவும் இல்லை, நாறவும் இல்லை.

கல்லூரி லாஸ்பேட்டையில். பஸ்ஸில் போய்வருவேன். சேருவதற்கு முன்னால் பிரவுன் டெரிகாட்டன் துணி ஒன்று வாங்கிக்கொண்டு காந்தி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒரு தையல்காரரிடம் போனேன். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். மெட்ராஸில் தொழில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தலைமுடி காதை மூடியிருந்தது. டேப்பைக் காலோடு இறக்கியபோது அது கம்பியில் பட்டு 'டங்'கென்றது. மற்ற தையல்காரர்கள் அந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்வார்கள். இவர் இழுக்கவில்லை. குனிந்து என் பூட்ஸைச் சுற்றி டேப்பைப் பிடித்தார்.

"பதினெட்டு இஞ்சு பூட்ஸு. அப்ப இருபத்தாறு வெச்சிடலாம் தம்பி."

"இருபத்தாறா? அவ்ளோ அகலமாண்ணே?"

"ஊரு பூரா இனிமே அப்பிடித்தான் போடப்போவுது. பெல்ஸு. மெட்ராஸ்ல வந்தாச்சு. இங்க நீதான் ஃபஸ்ட்டு."

அது உண்மையாகவே போயிற்று. நான் கல்லூரிக்குள் நுழைந்த முதல் நாள் வராந்தாவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பேண்ட் தொடையில் பிடித்து முட்டிக்குக் கீழே குடை மாதிரி விரிந்து பூட்ஸையே மூடியது. நடக்கும்போது துணி அலை அடித்தது. என் நடையில் இருந்த இழுப்பு அந்த அலைக்குள் மறைந்துபோனது. அதுமட்டுமில்லை, அதுவே ஒரு தினுசாகத் தெரிந்தது போலிருக்கிறது. அடுத்த வருடம் ஜூனியர் மாணவன் ஒருவன் இருபத்துநாலு இஞ்சு பெல்ஸ் போட்டுக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வந்தான். காலில் அடிபட்டதா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. உங்க ஸ்டைலுதான்" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லூரியில் இருந்த காலம் முழுக்க நான் ராஜாவாக இருந்தேன். பேண்ட் தைக்கத் துணி எடுப்பவர்கள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போவார்கள். இதை எடுக்கலாமா, இது சுருங்குமா, இது வெளுக்குமா என்று கேட்பார்கள். ஒரு தடவை நான் வேண்டாமென்ற துணியை எடுத்தவன் பிறகு அதைத் தலையணைக்கு உறையாகப் போட்டான்.

படித்து முடித்து லாஸ்பேட்டையிலேயே ஒரு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டு மூன்று வருடத்தில் பெல்ஸ் செத்துப்போனது. தீபாவளிக்குத் தீபாவளி பாட்டம் குறுகிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு. அதிகாரிகள் சஃபாரி சூட்டுக்கு மாறினார்கள். இளைஞர்கள் பதினாறுக்கு வந்தார்கள். நான் மட்டும் இருபத்தாறிலேயே நின்றேன். அதைக் குறைத்தால் பூட்ஸும் கம்பியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். தினமும் கச்சிதமான சஃபாரியில் வருவார். நான் உள்ளே வந்தால், "தம்பி, தரைய நீயே பெருக்கிட்டு வந்துட்ட. பெருக்கறவரு இன்னைக்கு லீவு எடுத்துக்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் தாங்கமுடியாமல் தையல்கார அண்ணனிடம் போய்ப் பதினேழு இஞ்சு வைக்கச் சொன்னேன். "பூட்ஸு நொழையாதே" என்றார். "இழுத்து நுழைச்சிக்கறேன், தெய்ங்க" என்றேன். அருமையான டெரிவுல் துணி அது. தைத்து முடித்துக் கடைக்குள் திரையைப் போட்டுக்கொண்டு மாட்டினோம். அவர் ஒரு பக்கம் இழுத்தார், நான் ஒரு பக்கம் தள்ளினேன். பூட்ஸ் பாதி வரை இறங்கி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அரைமணி நேரம் பார்த்தோம். கடைசியில் அவர் கத்தரியை எடுத்தார். புதுப் பேண்ட்டை என் கால்மேலேயே வெட்டி எடுத்தார். நான் பழைய பெல்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். பெண் கன்னியர் மடத்தில் தையல் வகுப்பு எடுக்கிறாள் என்றார்கள். என் கால் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இருந்தாலும் காபி கொடுத்து முடித்ததும் பெண்ணின் அத்தை நேராகவே கேட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள கொஞ்சம் நடந்து காட்டட்டும்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்ணைத்தான் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நான் எழுந்தேன். பூட்டு 'டக்'கென்று இறங்கியது. வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். உள்ளறைப் பக்கம் நின்ற சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "இன்னும் பெல்ஸ் போட்டுனு வந்திருக்காரு பாரேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. கால் போனால் போகிறது, அது என்னை ரொம்பக் குத்தியது.

அப்போது பெண் பேசினாள். நின்றுகொண்டே என்னிடமே கேட்டாள். "ஆமா, ஏன் இன்னும் பெல்ஸ் போடுறீங்க?"

அத்தை அவளை முறைத்தார். நான் சொன்னேன். "வேற போட முடியாது. பூட்ஸு கம்பியோட சேந்திருக்கு. சின்ன பாட்டத்துல நொழையாது."

"நொழைக்கறதுக்கு என்னா அவசியம்? பக்கவாட்டுல தொறந்துட்டா?"

எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியில் கிடந்த குஷனை எடுத்தாள். உறைக்கு ஒரு ஓரமாக ஜிப் வைத்துத் தைத்திருந்தது. சர்ரென்று இழுத்துத் திறந்து, உறையை இரண்டாக விரித்து, குஷனை வெளியே எடுத்துக் காட்டி, மறுபடி வைத்து மூடினாள்.

"தையலோட ஒரு நீள ஜிப்பு. தொடை வரைக்கும் தொறந்துக்கங்க. காலை உள்ள வெச்சு மூடிடுங்க. எவ்ளோ பெரிய பூட்ஸுன்னாலும் இருந்துட்டுப் போவுது."

"நீ மாப்ள பாக்க வந்தியா, பேண்ட்டு தெக்க வந்தியா?" என்றார் அத்தை.

நான் குஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நானும் அந்த அண்ணனும் பேண்ட்டை எப்படி அகலமாக்குவது என்று மட்டுமே யோசித்திருக்கிறோம். திறக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா, "பொண்ணு வாயாடியா இருப்பா போலக்குதே" என்றாள். "இருக்கட்டும்மா. கல்யாணத்தைப் பேசி முடிங்க" என்றேன்.

கல்யாணம் ஆன பதினைந்தாம் நாள் அவளைத் தையல்கார அண்ணன் கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஜிப்பு பக்கத்துல வெக்கறதுன்னா அது லேடீஸ் சமாச்சாரம்மா."

"முன்னாடி வெச்சா ஜென்ட்ஸு, பக்கத்துல வெச்சா லேடீஸா?" என்றாள் அவள். கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து அந்த முதல் பேண்ட்டைத் தைத்தார்கள். வெளிப்பக்கத் தையல் முழுக்க ஜிப். அது தெரியாதபடி மேலே ஒரு மடிப்பு. முட்டிக்கு உட்புறம் மெல்லிய ரெக்சின் துண்டு, எண்ணெய் துணிக்கு வராமல் இருக்க. அதை மட்டும் கழற்றித் துவைக்க பட்டன். பாட்டம் பதினாறு. கருநீல டெரிகாட்டன். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை வைத்து ஜிப்பை மேலே இழுத்தேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"டேய்" என்றார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். தலைமை எழுத்தர் வழக்கம்போல வாயைத் திறந்தார். பார்வை கீழே போனது. அங்கே பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் பேண்ட்டைப் பார்த்தார். கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, "தம்பி, கட்டிங் ரொம்ப நீட்டா இருக்கு. எங்க தெச்ச?" என்று கேட்டார். நான் அண்ணன் கடை விலாசத்தைத் தாளில் எழுதிக்கொடுத்தேன். அந்த வருஷப் பொங்கலுக்கு அலுவலகத்தில் பாதிப் பேர் அங்கேதான் தைத்தார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வந்து போயின. முன்னால் நாலு மடிப்பு வைத்துத் தொளதொளவென்று ஒரு பேண்ட் வந்தது. ஊரே கோணிப்பையில் இறங்கின மாதிரி நடந்தது. என் வசதிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் நான் போடவில்லை. பிடிவாதமாகப் பதினாறிலேயே இருந்தேன். ஜீன்ஸ் போட்டுப் பார்த்தேன். பூட்டே தேய்ந்தாலும் அது தேயாது, ஆனால் மழைக்காலத்தில் மூன்று நாளுக்குக் காயாது. லினன் வாங்கினேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கசங்கிக் காகிதம் மாதிரி ஆனாலும் காலுக்கு அதைப்போலக் குளிர்ச்சி கிடையாது. எல்லாவற்றிலும் என் மனைவி ஜிப் வைத்தாள். இரும்பும் மாறியது. கனம் குறைந்து, கம்பி மெலிந்து வந்தது. பூட்ஸ் மட்டும் பூட்ஸாகவே இருந்தது.

சூட் மட்டும் நான் போட்டதில்லை. எங்கள் ஊரில் கோயில் கல்யாணங்களுக்குச் சூட் சாதாரணம். பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் முழுக்கைச் சட்டையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வெயில் என்று சொல்லிக்கொள்வேன். நிஜம் அது இல்லை. கோட்டுப் போட்டால் ஜனங்கள் ஆளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை முழுசாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் அனுமதிக்கவில்லை.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊர்தான், இருப்பது பிரான்சில். அவர்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லோரும் சூட்டில் வருவதாகப் பேச்சு. மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"வாசல்லேருந்து பீடம் வரைக்கும் நீங்கதான்பா என்னைக் கூட்டிட்டுப் போணும். சூட்டுல."

"மாமாவக் கூட்டிட்டுப் போகச் சொல்லேன். வேகமா நடப்பாரு."

"எனக்கு என்னா பஸ்ஸா புடிக்கணும்?" என்றாள். அப்படியே அவள் அம்மா.

மூன்று பேருமாக நேரு வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். மேல்மாடியில் கோட்டுத் துணிப் பிரிவு. அங்கே நின்றவர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையான ஆள். என் நடையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "சார், பட்டு வேட்டி சட்டை கீழ இருக்கு. உங்களுக்குக் கம்பீரமா இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உல்லன் கலந்ததுல எடை கம்மியா என்னா வெச்சிருக்கீங்க? காட்டுங்க."

நாலைந்து சுருள் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் விரலுக்கிடையில் கசக்கி விட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தள்ளினேன். "இது அயர்ன் பண்ணப் பண்ணப் பளபளன்னு ஆயிடும்." இன்னொன்று. "இதுல நூல் இழுக்கும். ஏதாவது கூரா பட்டாப் போச்சு." மூன்றாவதை முட்டியில் வைத்து, பூட்டின்மேல் நாலு தடவை தேய்த்துப் பார்த்தேன். அவர் பதறினார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது நல்லா இருக்கு. ஆனா கறுப்பு வேணாம். வேற கலர் இருக்கா?"

"கறுப்புதான் சார் கறை தெரியாது."

"தெரியாமப் போட்டு அலுத்துப்போச்சு. வெளிர் சாம்பல்ல காட்டுங்க."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கடைக்காரர் உள்ளே போய், அடுக்கில் இல்லாத ஒரு சுருளைக் கொண்டுவந்து விரித்தார். மழை வரும் முன்னால் கடல் இருக்குமே, அந்த நிறம். கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி ஓடியது.

"சாருக்கு ஜவுளி லைனா?" என்று கேட்டார்.

"இல்லிங்க. பேண்ட்டு போடுற லைனு."

தையல்கார அண்ணனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சந்துக்கடை போய் மாடியில் பெரிய பட்டறை. கல்யாண சீசனில் கோட்டு சூட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர் மட்டும் ரெடிமேட் டீ-ஷர்ட்டில் இருக்கிறார். துணியைப் பார்த்ததும் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவரே டேப்பை எடுத்தார்.

"இடது தோளு முக்கா இஞ்சு எறக்கம். காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து அப்பிடி ஆயிருக்கு. உள்ள பேடு வெச்சு ஏத்திடறேன். கோட்டு மட்டமா உக்காரும்."

எனக்கே அது தெரியாது. பாட்டம் பதினாலு என்று முடிவானது. ஜிப்பில்தான் அவருக்கும் என் மனைவிக்கும் தகராறு. மெல்லிய துணி, மேலே மடிப்பு வைத்தால் தடித்துத் தெரியும் என்றார் அவர். மடிப்பு இல்லாவிட்டால் ஜிப் பல்லை இளிக்கும் என்றாள் அவள். இரண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். பெரிய விருந்துகளுக்குப் போடும் சூட்டில் பேண்ட் ஓரமாக மேலிருந்து கீழே சாட்டின் பட்டை ஒன்று வருமே, அதைக் கொஞ்சம் கருஞ்சாம்பலில் இரண்டு காலுக்கும் வைத்து, இடதுபக்கப் பட்டைக்கு அடியில் ஜிப்பை ஒளித்துவிடலாம் என்றார். என் மனைவி போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் மகள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஆர்மோனியம் தொடங்கியது. எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். கருநீலச் சூட்டுகள் இரண்டு வரிசை, ஒரே மாதிரி. நான் நடந்தேன். அவசரப்படவில்லை. இந்த நடைபாதை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பூட்டின் சத்தம் பளிங்குத் தரையில் தெளிவாக விழுந்தது. ஜனங்கள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். தோளைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், சாட்டின் பட்டையில் வெளிச்சம் ஓடுவதைப் பார்த்தார்கள், பூட்ஸையும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். பாதி வழியில் மகள் குனியாமல் கேட்டாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா. ஜம்முனு இருக்கேன்."

பூசை முடிந்து வெளியே போட்டோ எடுக்கும்போது வழக்கம்போல யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். போட்டோக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். "அங்கிள் நடுவுல நிக்கட்டும். அந்த சூட்டு முழுசா விழணும்" என்றார். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து, அந்தப் பட்டை வைத்த பேண்ட்டைப் பாரிசில் வாங்கினேனா என்று கேட்டார்கள். காந்தி வீதிப் பக்கம் என்றேன். அவர்கள் ஊர் திரும்புவதற்குள் அண்ணன் பட்டறைக்குப் போய் ஆளுக்கு ஒன்று அளவு கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஜிப் தேவையில்லை. பட்டை மட்டும் வேண்டுமாம்.

சூட்டில் எண்ணெய்க் கறை ஒரு பொட்டுக்கூட இல்லை. அன்று சாயங்காலம் என் மனைவி முட்டிப் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியில் மாட்டினாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தோல் வார் மாற்றுவதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் என்னைப் போலவே இடது காலில் இரும்போடு ஒருவர், நாற்பது வயசுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வேட்டி கட்டியிருந்தார். நான் பேண்ட் ஜிப்பைத் திறந்து காலை நீட்டினதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"சார், இது எந்த ஊர்ல கெடைக்குது?"

"எங்க வூட்ல."

அவர் பிறந்ததிலிருந்து பேண்ட்டே போட்டதில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். என் மனைவி டேப்பை எடுத்ததும் கூச்சப்பட்டு நெளிந்தார். "நாப்பது வருஷமா இந்த ஒரு கால அளந்துட்டு இருக்கேன். உங்க கால் எனக்குப் புதுசில்ல. நேரா நில்லுங்க" என்றாள். அவர் நேராக நின்றார்.

போன வாரம் டிரையலுக்கு வந்தார். உள்ளறையில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கருநீல டெரிகாட்டன், பாட்டம் பதினாறு. கூடத்தில் இரண்டு தடவை நடந்தார். கண்ணாடி முன்னால் நின்றார். பக்கவாட்டில் திரும்பினார். பிறகு செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருமுனை டீக்கடையைக் கடந்து, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பப் போகிறார். கையை வீசிக்கொண்டு நடக்கிறார்.

"என்னாங்க, அவரக் கூப்புடுங்க. இடுப்புல அரை இஞ்சு புடிக்கணும், ஆல்ட்ரேஷன் இருக்கு" என்று உள்ளேயிருந்து என் மனைவி சத்தம் போட்டாள்.

"வருவாரு இரு" என்றேன். "இப்பக் கூப்புட்டா நிக்க மாட்டாரு."